நொட்டாங்கை

நுவரெலியா சந்தையில்
குவியலுக்குள் கைவிட்டு இழுத்த சுவெட்டர்.
இருநூற்றைம்பது ரூபா.
முழங்கையில் ஓட்டை,
கழுத்தில் யாரோ ஒருவரின் பவுடர் வாசம்.
உடுத்த அல்ல,
உருவ.

இஸ்டோருக்குக் கீழே மதகுக் கட்டில்
ஜெனிற்றா ஓட்டைக்குள் நூல்முனையைத் தேடிப் பிடித்தாள்.
கிருபாலன் இரு கைகளையும் நீட்டி நின்றான்,
பொலிசில் பிடிபட்டவன் போல.
நான் அவன் கைகளில் சுற்றச் சுற்ற
மார்பு போனது, முதுகு போனது,
கடைசியில் ஒரு பொத்தான் மட்டும் கல்லில் உருண்டது.
நெளிநெளியாய், வெந்த நூடில்ஸ் மாதிரி,
சிவப்பாய் ஒரு சிம்பு நூல்.

ஊசி வாங்கக் காசில்லை.
ஒடிந்த குடையின் கம்பிகளை
பீலிக்கரைக் கல்லில் மூன்று நாள் தேய்த்தான் கிருபாலன்.
நுனியில் குறடால் ஒரு வளைவு.
அயிரைகூட மாட்டாத தூண்டில்கள் மூன்று.

ஜெனிற்றா நொட்டாங்கைக்காரி.
ஞாயிறு வகுப்பில்
அந்தக் கையிலேயே அடி வாங்கியவள்.
பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்
அவள் போகும் திசைக்கு
என் விரல்கள் வர மறுத்தன.
நான்கு கண்ணி போட்டு ஐந்தாவதில் முடிச்சு விழும்.
"எந்திரிச்சு எனக்கு முன்னால வா" என்றாள்.
"கண்ணாடின்னு நெனச்சுக்க."
வந்தேன்.
அவள் இடது என் வலது.
அவள் கொக்கி நுழைய என் கொக்கி நுழைந்தது,
அவள் இழுக்க என் நூல் வந்தது.
அந்தக் கண்ணாடியில்
முகம் பார்க்க மட்டும் நேரமில்லை.

பதினெட்டுக் கண்ணி ஒரு வரி என்றாள்.
பதினெட்டு என்றதும்
மூன்று பேரும் ஒரு நொடி நிமிர்ந்தோம்.
பதினெட்டுக் கிலோ வராத நாளில்
எங்கள் அம்மாக்களுக்கு அரைப்பேர்.
இங்கே பதினேழில் நின்றால்
இழு, அவிழ், திரும்பப் பின்னு.
யாரும் புத்தகத்தில் எதையும் எழுதுவதில்லை.

ஊசி மூன்று, துண்டு ஒன்றுதான்.
யார் காம்பிராவில் லைட் எரிகிறதோ
அங்கே போய்த் தங்கும்.
ஜெனிற்றாவின் வரிகள் வேலிக் கம்பி,
என்னுடையவை தொளதொள.
கிருபாலன் ஒரு கண்ணியைத் தவறவிட்டு
அடுத்த வரியில் இரண்டைச் சேர்த்து ஈடுகட்டுவான்,
கணக்குப் பாடத்திலும் அப்படித்தான்.
ஒடுங்கி, அகன்று, ஒடுங்கி
அட்டன் ரோட்டு மாதிரி வளர்ந்தது அது.

"மச்சான், என்னடா, கோழி கட்டவா?"
கிரிக்கெட் முடிந்து வந்தவர்கள் கேட்டார்கள்.
"ஒன்னயக் கட்ட" என்றான் கிருபாலன்,
தலை நிமிராமல், கண்ணி எண்ணியபடி.
அவர்களில் ஒருத்தன்
பந்தைத் தேடுகிற சாக்கில்
அரை மணி நேரம் அங்கேயே நின்றான்.
மறுநாள் அவனிடமும் ஒரு குடைக்கம்பி இருந்தது.

மப்ளரா, பெல்ட்டா, மேசைக்கு விரிப்பா,
எங்களுக்கே தெரியாது.
ஓ.எல். முடியட்டும், பெயர் வைக்கலாம்.

போன சனிக்கிழமை
மேக்கணக்கிலிருந்து யசோமலர் இறங்கி வந்தாள்,
கையில் உரச்சாக்கில் உருவிய நீல இழை.
"எனக்கும்" என்றாள், அவ்வளவுதான்.
நான் பழக்கத்தில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.
"கண்ணாடின்னு நெனச்சுக்க."

அவளும் சோத்தாங்கை, நானும் சோத்தாங்கை.
நான் இந்தப் பக்கம் இழுக்க
அவள் அந்தப் பக்கம் போனாள்,
ஒடுங்கிய வளைவில் இரண்டு பஸ் சந்தித்த மாதிரி.
இரண்டாம் முறையும் சிக்கு.
மூன்றாம் முறை அவள் கண் கலங்கப் பார்த்தது.

ஜெனிற்றா சிரித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள்.
அவளுக்குப் பின்னால் மூட்டம் வந்து
இஸ்டோர்க் கூரையை எடுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு உறைக்க
இன்னொரு சிக்கு தேவைப்பட்டது.
எழுந்தேன்.
மதகைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.
"கொஞ்சம் தள்ளி ஒக்காரு" என்றேன்
யசோமலரிடம்.